பாட்டுக்குள் இருப்பதும் பாட்டைச் சுற்றி வருவதும்

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மோகனா சபை நடுவே சண்முகசுந்தரத்தின் நலம் கேட்டுப் பாடுவாள். அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கதை வெகுகாலமாகத் தமிழ்நாட்டில் உலவுகிறது. முதலமைச்சராக இருந்த அண்ணா அப்போது புற்றுநோயால் அவதிப்பட்டார். தி.மு.க.வை விட்டு விலகி அவரைக் கடுமையாக விமர்சித்து வந்த, அந்தப் பாட்டை எழுதிய கவிஞர் கண்ணதாசனுக்கு நேரில் போய் நலம் விசாரிக்க மனம் கூசியது. அதனால் பாட்டிலேயே கேட்டுவிட்டார் என்பது கதை. மேடையில் இதைச் சொன்னால் கூட்டம் உருகிப்போகும். பகை மறந்த பாசம், சொல்ல முடியாத சொல், இரண்டு பெரிய மனிதர்கள் என்று உருக வைக்கும் எல்லாம் அதில் இருக்கின்றன.

தேதிகளைப் பார்ப்போம். படம் வெளியானது 1968 ஜூலை 27. அண்ணா அறுவைச் சிகிச்சைக்காக நியூயார்க் போனது அதே ஆண்டு செப்டம்பரில். அவருடைய உடல்நிலை நாடே கவலைப்படும் செய்தியானது அந்தப் பயணத்தை ஒட்டித்தான். ஒரு பாட்டு எழுதப்பட்டு, ஒலிப்பதிவாகி, நடனம் அமைத்துப் படமாக்கப்பட்டுத் திரைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே கவிஞர் அதை எழுதியது ஜூலைக்கும் வெகு முன்னால். கதை நிற்க வேண்டுமானால் ஊருக்குத் தெரியுமுன்பே நோய் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி இருந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு கதை சொல்கிறவருடையது, அதை யாரும் செய்ததில்லை என்றுதான் சொல்கிறேன். பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் படத்திலேயே இருக்கிறது. காயம்பட்டுத் தேறிவந்த நாதஸ்வரக் கலைஞனிடம், ஊரார் பார்த்திருக்க, வாய்விட்டுப் பேச முடியாத ஒரு நாட்டியக்காரி கேட்கிறாள். அந்த இக்கட்டைத்தான் கவிஞர் எழுதினார். அது போதாதென்று நமக்கு ஏன் தோன்றுகிறது?

திரைப்பாடல்களுக்குப் பொருள் காண நம்மிடம் இரண்டு வழிகள் பெருவழக்காக இருக்கின்றன. பாட்டில் ஒலிக்கும் பழைய இலக்கியத்தைத் தேடிப்போவது ஒன்று. எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப்போவது மற்றொன்று. கண்ணதாசனைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. என் வாதம் அதற்கு எதிரானது. பழைய இலக்கியத்தின் சுவடு பாட்டுக்குள்ளேயே கிடக்கிறது, யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். வாழ்க்கைக் கதையோ பாட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது, அதற்குத் தனியாகச் சாட்சி வேண்டும். முதலாவதை இன்னும் பொறுமையாகவும் இரண்டாவதை இன்னும் கண்டிப்பாகவும் கையாளவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

பாட்டுக்குக் கதை கட்டுவது நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு எளிமையான அகப்பாட்டு. தலைவன் தும்பியைப் பார்த்து, தன் காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ கண்டதுண்டா என்று கேட்கிறான். அவ்வளவுதான். அதற்குள் பாண்டியன் இல்லை, பொற்கிழி இல்லை, தருமி இல்லை, நக்கீரரின் வழக்கும் இல்லை. பாடியவர் பெயர் இறையனார் என்றிருந்ததைப் பற்றிக்கொண்டு பிற்காலம் ஒரு முழு நாடகத்தை எழுப்பியது. திருவிளையாடற் புராணம் அதைப் பாடியது. 1965இல் ‘திருவிளையாடல்’ படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. இன்று அந்தக் குறுந்தொகைப் பாட்டைத் தருமி இல்லாமல் நினைப்பதே கடினம். காதலன் தும்பியிடம் கேட்ட மென்மையான கேள்வி, அரசியின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற அவைத் தகராறாகிவிட்டது. கதை சுவையானதுதான், ஆனால் அதன் நிழல் பாட்டின் மேல் விழுந்துவிட்டது.

தனிப்பாடல் மரபு முழுவதும் இப்படித்தான் வளர்ந்தது. காளமேகம், ஔவையார், கம்பர், ஒட்டக்கூத்தர் என்று எவர் பாட்டானாலும் அதற்கு முன்னால் ஒரு சந்தர்ப்பம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘தமிழ் நாவலர் சரிதை’, வீராசாமி செட்டியாரின் ‘விநோதரச மஞ்சரி’ போன்ற நூல்கள் அந்தச் சந்தர்ப்பங்களின் களஞ்சியங்கள். வெவ்வேறு நூற்றாண்டுப் புலவர்களும் அவற்றில் ஒரே அவையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். பாட்டுதான் முதலில் இருந்தது. பாட்டின் சொற்களிலிருந்தே கதை நெய்யப்பட்டது. பிறகு அந்தக் கதையே பாட்டுக்கு விளக்கமானது. கண்ணதாசனைச் சுற்றி இன்று உலவும் கதைகள் இந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைகள். தங்கள் கவிஞனை ஒரு சமூகம் நேசிக்கும் விதம் இது. அந்த நேசத்தை நான் மதிக்கிறேன். விளக்கம் என்ற பெயரில் அது வரும்போது மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

பழைய நூல்களைத் தொகுத்தவர்கள் இந்த இடத்தில் நம்மைவிட நிதானமாக இருந்தார்கள். புறநானூற்றுப் பாட்டின் அடியில் யாரை யார் பாடியது என்று குறிப்பு வைத்தார்கள். அகப்பாட்டின் அடியில் யார் யாரிடம் சொன்னது என்று மட்டும் வைத்தார்கள்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. கபிலர் தலைவியாகப் பேசினால் அது கபிலரின் வாழ்க்கை ஆகாது. 1946இல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள், ஆசிரியர் என்ன நினைத்து எழுதினார் என்பதைக் கொண்டு கவிதையை அளக்கக் கூடாது என்று வாதிட்டுப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார்கள். கூற்று என்ற ஏற்பாட்டோடு வளர்ந்த வாசகருக்கு அந்த விவாதத்தின் முதல் படி பழகிய தரைதான்.

திரைப்பாடல் பெரும்பாலும் கூற்று வகையைச் சேர்ந்தது. இயக்குநர் சூழலைச் சொல்கிறார். இசையமைப்பாளர் மெட்டைத் தருகிறார். அசைக்கு அசை பொருந்தும் சொல்லைக் கவிஞர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்கிறார். விதவை பாடுகிறாள், குடிகாரன் பாடுகிறான், பிரிந்த அண்ணன் பாடுகிறான். ‘பழனி’ (1965) படத்தில் அண்ணன் தம்பி உறவை நொந்து பாடும் பாட்டுக்கு, கவிஞர் அவசரத்துக்குப் பணம் கேட்டு உடன்பிறந்தவர் மறுத்ததே காரணம் என்று ஒரு கதை உண்டு. அந்தப் படமே ஓர் உழவர் வீட்டுச் சகோதரர்கள் பிரிந்து சீரழிவதைப் பற்றியது. வேறு எதைப் பற்றித்தான் அங்கே பாட முடியும்?

எல்லாக் கதைகளையும் ஒரே வீச்சில் தள்ளிவிடவும் முடியாது. ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் காதலி ஒருத்தி, சிவகாமியின் மகனுக்குச் சேதி சொல்லும்படி கேட்டுப் பாடுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் அது முருகனைத் தலைவனாக வைத்த தூதுப் பாட்டு, பக்தியும் காதலும் பின்னிய பழைய மரபு. ஆனால் காமராசரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். காங்கிரசில் சேரும் விருப்பத்தைக் கவிஞர் இப்படித் தெரிவித்தார் என்று பலர் சொல்கிறார்கள். இதில் ஆண்டு உதைக்கிறது. 1961இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.விலிருந்து வெளியேறி, தமிழ்த் தேசியக் கட்சியில் இருந்து, 1964இல் அந்தக் கட்சி காங்கிரசோடு இணைந்தபோதே கண்ணதாசன் காங்கிரஸ்காரர் ஆகிவிட்டார். 1967இல் சேர்வதற்குத் தூது விடவேண்டிய தேவை இல்லை. இடையில் ஏற்பட்ட மனத்தாங்கலைத் தீர்க்கத்தான் எழுதினார் என்று சொல்லும் இன்னொரு வடிவமும் இருக்கிறது; அது ஆண்டோடு மோதவில்லை.

இந்தப் பாட்டையும் மோகனாவின் பாட்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. மோகனாவின் பாட்டில் அண்ணாவைச் சுட்ட ஒரு சொல்லும் இல்லை. நலம் விசாரிப்பது யாருக்கும் பொருந்தும். சிவகாமி மகன் பாட்டிலோ கதையை மாட்ட ஒரு பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. முருகனைச் சொல்ல ஆயிரம் பெயர்கள் இருக்க, தாயின் பெயரால் அதுவும் சிவகாமி என்ற பெயரால் சொன்னது கவனிக்கத் தக்கது. இங்கே சிலேடையாக இரண்டாம் பொருள் இருக்க இடமுண்டு. வாழ்க்கைக் கதையை ஏற்பதற்கு இரண்டு நிபந்தனைகளை வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டின் சொல்லில் அதற்கு ஒரு பிடி இருக்க வேண்டும், தேதி இடம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டி வரும் கதைகள் மிகக் குறைவு.

திரைப்பாடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்தாளரின் வாழ்க்கை என்கிறோமே, கேட்பவர்கள் உண்மையில் யாருடைய வாழ்க்கையைப் பாட்டில் ஏற்றுகிறார்கள்? ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) படத்தில் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு எம்.ஜி.ஆர். பாடும் பாட்டை எழுதியவர் வாலி. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வாலியின் வாழ்க்கையை நினைக்கவே இல்லை. எம்.ஜி.ஆரின் அரசியலைக் கேட்டார்கள். வாலியும் அதைத் தெரிந்தே எழுதினார். அங்கே நடிகருடைய வாழ்க்கைதான் பாட்டின் உரைநூல். இன்னொரு முனையில், 29 வயதில் இறந்துபோன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளில் அவருடைய பொதுவுடைமைக் கொள்கையைக் காண எந்தக் கதையும் தேவைப்படவில்லை, அது சொல்லிலேயே நிற்கிறது. கவிஞருக்குக் கவிஞர் இந்தக் கணக்கு மாறும். கண்ணதாசனிடம் அது கடினமாவதற்குக் காரணம், அவர் எல்லாக் குரலிலும் பேச வல்லவர் என்பதுதான்.

இனி இலக்கியச் சுவடுகளுக்கு வருகிறேன். என் ஆசை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

‘பாத காணிக்கை’ (1962) படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடும் நிலையாமைப் பாட்டு பட்டினத்தாரிடமிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியும். செல்வமும் வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும், கண்ணீர் வடிக்கும் பெண்டிர் வீதியோடு நின்றுவிடுவார்கள், தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு நின்றுவிடுவார்கள் என்று படிப்படியாக இறங்கும் அந்தச் செறிவைக் கண்ணதாசன் சின்னஞ்சிறு சொற்களாக உடைத்துப் பாமரன் நாவில் வைத்தார். அதை எளிமைப்படுத்தல் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எடுத்தாண்டுவிட்டார் என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. இரு தரப்புமே முக்கியமான ஒன்றைப் பார்க்கவில்லை. பட்டினத்தார் கடைசியில் ஒரு விடை வைத்திருக்கிறார். எல்லாரும் நின்ற பிறகும் நல்வினை தீவினை இரண்டும் விடாமல் தொடரும் என்கிறார். அவருடைய பாட்டின் முழு எடையும் அந்த விடையில்தான் இறங்குகிறது. கண்ணதாசன் மூன்று படிகளையும் எடுத்துக்கொண்டு நான்காவதைக் கேள்வியாக்கிவிட்டார். கடைசி வரை வருவது யார் என்று கேட்டதோடு சரி. வினை இல்லை, மறுபிறவி இல்லை, ஆறுதலும் இல்லை. மூலத்தை அறிந்தவருக்கு அந்த வெற்றிடம் பெரிய சத்தத்தோடு கேட்கும். மூலத்தை அறியாதவருக்கும் பாட்டு முழுமையாகவே இருக்கும், ஆனால் இந்த விலகலின் துணிவு தெரியாது. சுவடு தேடுவதன் பயன் இதுதான்: எங்கிருந்து எடுத்தார் என்பதோடு நில்லாமல் எதை விட்டுவிட்டார் என்பதைக் காண்பது.

‘வாழ்க்கைப் படகு’ (1965) படத்தின் காதல் பாட்டு ஒன்றை இதே கண்ணால் பார்க்கலாம். நேற்றுவரை ஒருவருக்கொருவர் அந்நியராக இருந்தவர்கள் இன்று ஒன்றானதை வியக்கும் பாட்டு அது. குறுந்தொகை 40ஆம் பாட்டை அதற்கு மூலமாகச் சொல்வார்கள். என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எவ்வகை உறவு, நானும் நீயும் எவ்வழி அறிந்தோம் என்று அடுக்கி, செம்மண்ணில் பெய்த மழையாக நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் பாட்டு அது. அந்த ஒப்புமை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டால் நான் தயங்குவேன். திரைப்பாட்டில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, செம்மண்ணும் இல்லை. அந்நியர் காதலராவதை வியப்பது உலகில் எந்தக் காதலருக்கும் தோன்றக்கூடியதே. ஆனால் அதே பாட்டுக்குள் இன்னொரு சுவடு ஐயத்துக்கு இடமில்லாமல் பதிந்திருக்கிறது. நான் பார்த்தால் அவள் நிலம் நோக்குவாள், நான் வேறு பக்கம் பார்த்தால் என்னை நோக்கி மெல்லச் சிரிப்பாள் என்ற 1094ஆம் குறளின் அமைப்பு அப்படியே வருகிறது. நிலத்துக்கு ஈடாக வானத்தையும் சேர்த்துக்கொண்டு. ஒரு சுவடு உறுதியானால் பக்கத்திலிருக்கும் மங்கலான சுவடுக்கும் வலிமை கூடுகிறது. ஒரே பாட்டில் இரண்டு பழம்பாட்டுகள் அடுத்தடுத்து வந்தால் அது தற்செயல் ஆகாது.

இங்கேயும் கவிஞர் செய்த மாற்றமே சுவை. வள்ளுவரின் பெண் ஏற்கெனவே சிரித்துவிட்டாள். காதலன் அதைக் கண்டுகொண்டு மகிழ்கிறான். திரைப்பாட்டுக் காதலன் இன்னும் அந்தச் சிரிப்பைப் பெறவில்லை. நேராகப் பார்த்தால் என்ன, சிரித்தால் என்ன குறைந்துவிடும் என்று கெஞ்சுகிறான். குறள் முடிந்த இடத்துக்கு ஒரு கணம் முன்னால் பாட்டு நிற்கிறது. இத்தனைக்கும் இது மூன்று நிமிட சினிமாப் பாட்டு.

கம்பனிடம் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. மிதிலைத் தெருவில் இராமனைக் கண்ட பெண்கள் தோளைக் கண்டவர் தோளிலேயே தங்கிப்போனார்கள் என்ற புகழ்பெற்ற பாட்டு ‘இதயக் கமலம்’ (1965) படத்தில் காதல் பாட்டாகிறது. கம்பனில் பல பெண்கள் ஓர் ஆணைப் பார்க்கிறார்கள், கவி வெளியே நின்று சொல்கிறார். படத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பார்த்துத் தன் வாயாலேயே சொல்கிறான். பார்வையின் திசையே திரும்பிவிட்டது. ‘பாசம்’ (1962) படப் பாட்டோ கம்பனிடமிருந்து பொருளைக் கொஞ்சமும் எடுக்கவில்லை. அகலிகை கல்லிலிருந்து எழுந்ததும் விசுவாமித்திரர் இராமனிடம் வண்ணம் என்ற சொல்லை வளைத்து வளைத்துப் பேசும் அந்த ஓசையை மட்டும் காதலர் வாயில் வைத்தார். அகலிகையின் சாபத்தையும் மீட்சியையும் இந்தத் திரைப்பாட்டில் தேடினால் பாட்டைக் கெடுத்துவிடுவோம். பொருளைக் கொண்டுவரும் சுவடு உண்டு, ஓசையை மட்டும் கொண்டுவரும் சுவடும் உண்டு. ‘பலே பாண்டியா’ (1962) படத்தின் காய்ப் பாட்டு இந்த இரண்டாம் வகையின் உச்சம். காளமேகத்தின் சிலேடை வித்தை மெல்லிசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சுவடும் வாழ்க்கையும் உண்மையாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது கதைகளில் யாரும் சொல்லாத இடம். ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடும் காதல் பாட்டில் காதலியைப் பருவங்களில் சிறந்த பருவமாக, மாதங்களில் சிறந்த மாதமாக அடுக்கிக்கொண்டே போகிறான் காதலன். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன் பெருமையைச் சொல்லும் முறை அது. மாதங்களில் மார்கழியும் பருவங்களில் வசந்தமும் தானே என்று அங்கே கண்ணன் சொல்கிறான். அந்த இரண்டையுமே பாட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. இறைவன் தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு காதலன் தன் பெண்ணைப் பற்றிச் சொல்கிறான்.

படம் வந்தது 1961 மார்ச்சில். கண்ணதாசன் தி.மு.க.வை விட்டு வெளியேறியது அந்த ஆண்டு ஏப்ரலில். கட்சியில் இருந்தவரை நாத்திகர், வெளியே வந்தபின் ஆத்திகர், அதன்பிறகே கீதை, கண்ணன், ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ என்று அவர் வாழ்க்கையை இரண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறோம். அவருடைய சொந்தத் தன்வரலாறுகளே அதற்குத் துணை. கட்சியை விட்டுவந்த பிறகு அவர் எழுதிய ‘வனவாசம்’ கட்சிக் காலத்தைக் காட்டு வாழ்க்கை என்றே பார்க்கிறது. அதற்கடுத்தது ‘மனவாசம்’. ஆனால் பாட்டு அந்த நறுக்கலுக்கு உடன்படவில்லை. கட்சி உறுப்பினராக இருந்த காலத்திலேயே கீதையின் நடை அவர் கைக்குள் இருந்தது. அது நம்பிக்கையா, வெறும் மொழிச் செல்வமா என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஒருவர் தன்னைப் பற்றி எழுதிய நூலுக்கும் ஒரு காலமும் ஒரு கோபமும் உண்டு என்பதை இங்கே பாட்டுதான் நமக்குச் சொல்கிறது. வாழ்க்கையைக் கொண்டு பாட்டைத் திருத்தப் போனவர்கள், பாட்டைக் கொண்டு வாழ்க்கையைத் திருத்திக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும்.

அப்படியானால் கவிஞரின் வாழ்க்கை நமக்கு எதற்கும் உதவாதா? மிகவும் உதவும். எந்தக் கடன்காரன் எந்த நாளில் கதவைத் தட்டினான் என்பதைவிட, அவர் காதிலும் கண்ணிலும் என்னென்ன தமிழ் விழுந்தது என்ற வரலாறு பத்து மடங்கு உதவும். முத்தையா என்ற இயற்பெயரோடு 1927 ஜூன் 24இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தார். நகரத்தார் குலம். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள் தாங்கள் என்பது அந்தச் சமூகத்தின் நம்பிக்கை. பட்டினத்தாரும் அந்தப் பட்டினத்து வணிகரே. துறவியான செல்வர் ஒருவரின் பாட்டு, வட்டிக் கணக்கும் கப்பல் கணக்கும் பேசிய வீடுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்துக் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியது 1939இல். அந்த வட்டாரத்தில் கம்பன் புலவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி ஊர்த் திருவிழா ஆன காலம் அது.

அவர் படித்தது எட்டாம் வகுப்புவரை. புலவர் பட்டம் கிடையாது, முறையான பாடம் கேட்டதும் கிடையாது. பத்திரிகை அலுவலகமும் கட்சி மேடையும் அவருக்குக் கல்லூரியாக அமைந்தன. திராவிட இயக்க மேடைகளில் குறளும் சங்கப் பாட்டும் அன்றாடச் சொத்தாக இருந்தன. கம்பனோ அதே மேடைகளில் குற்றவாளிக் கூண்டில் நின்றான். அண்ணாவின் ‘கம்பரசம்’ அந்த வழக்கின் முக்கிய ஆவணம். ஒரே இளைஞன் சங்கத்தைக் கட்சி வழியாகவும் கம்பனைக் கட்சிக்கு எதிர்த்திசையிலும் பெற்றான் என்பது எனக்கு மிக முக்கியமான வாழ்க்கைச் செய்தியாகப் படுகிறது. 1953 டால்மியாபுரம் போராட்டத்தில் சிறை சென்றபோது சங்ககாலப் பின்னணியில் ‘மாங்கனி’ என்ற காவியத்தை எழுதினார். படத்துக்குப் பாட்டு எழுதப் பழைய நூலைப் புரட்டியவர் அவர் அல்லர் என்பதற்கு அதுவே சான்று. பழைய தமிழ் அவருக்குள் முன்பே குடியேறியிருந்தது, மெட்டுக் கேட்டதும் வெளியே வந்தது. காதால் கற்றவர் என்பதால்தான் ‘பாசம்’ பாட்டைப் போல ஓசையே முதலில் வந்து நிற்கிறது. இந்த வகை வாழ்க்கை வரலாறு சுவடுகளுக்கு விளக்கம் தருகிறது, சுவடுகளும் அதற்குச் சாட்சி சொல்கின்றன.

தன் வாழ்க்கையையே பாட்டில் வைத்த இடமும் உண்டு. ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு கண்ணதாசனே திரையில் தோன்றுகிறார். குடி, கலை, சாவில்லாத கவிஞன் என்று பாடும் அந்தப் பாட்டை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது இயல்பு. எனக்கு அது அவர் தமக்கென்று கட்டிக்கொண்ட ஒரு வேடமாகத் தெரிகிறது. பொய் என்ற பொருளில் சொல்லவில்லை. சித்தர் தோரணையும், அவைக்கு நடுவில் தன் பாட்டின் பெருமையைத் தானே சொல்லும் புலவர் தோரணையும் அதில் கலந்திருக்கின்றன. மிக அந்தரங்கமான பாட்டு என்று நாம் நினைப்பதே மிகவும் மரபானதாகவும் இருக்கிறது.

அவருடைய கடைசித் திரைப்பாட்டு என்று சொல்லப்படும் ‘மூன்றாம் பிறை’ப் பாட்டின் நிலை வேறு. 1981 அக்டோபர் 17இல் அவர் சிகாகோவில் காலமானார். படம் 1982இல் வந்தது. குழந்தை மனத்துக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண்ணைத் தூங்கவைக்கும் தாலாட்டு அது. அதைக் கவிஞரின் விடைபெறலாகக் கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சாவுக்குப் பின் கேட்ட காதுகள் அவை. அவர்கள் கேட்டது உண்மையான அனுபவம். அது பாட்டின் வரவேற்பு வரலாற்றைச் சேர்ந்தது. எழுதியபோது அவர் மனத்தில் இருந்ததாக அதை மாற்றிச் சொன்னால் மட்டும் பிழை.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு வேலை செய்யப்படாமலே கிடக்கிறது. பழைய படங்களின் தலைப்பு அட்டையில் பல கவிஞர்களின் பெயர்கள் சேர்ந்து வரும். எந்தப் பாட்டு யாருடையது என்று இராது. ‘கலங்கரை விளக்கம்’ (1965) படத்தில் வரும் புகழ்பெற்ற காதல் பாட்டு ஒன்று பஞ்சு அருணாசலம் எழுதியது. கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்தவர் அவர். அந்தப் பாட்டைக் கண்ணதாசன் பாட்டென்றே நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். யார் எழுதியது என்பதே தடுமாறும்போது வாழ்க்கையை எங்கே பொருத்துவது? கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், ஒலிப்பதிவுக் கூடங்களின் தேதிக் குறிப்புகள், இசைத்தட்டு உறைகள் ஆகியவற்றைத் திரட்டிப் பாட்டு வாரியாக ஓர் அட்டவணை செய்தால், மேலே நான் பார்த்த கதைகளைப் போன்ற பலவற்றை ஒரே வாரத்தில் சரிபார்த்துவிடலாம். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் உவமை, உருவகம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுக்கலாம்.

கண்ணதாசனுக்குப் பின்னும் இந்தக் கேள்வி தொடர்கிறது. ‘இருவர்’ (1997) படத்துக்கு வைரமுத்து எழுதிய காதல் பாட்டில் அதே குறுந்தொகை 40 வருகிறது. இந்த முறை சங்கச் சொற்கள் கரையாமல், உருக் குலையாமல் வெளிப்படையாகவே நிற்கின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்ணதாசன் மூலத்தை ஒளித்துவைத்த இடத்தில் வைரமுத்து அதை எடுத்துக் காட்டுகிறார். படத்துக்குள் அது பழங்காலக் கதைக்கான ஒரு படப்பிடிப்புப் பாட்டு என்பதால் அந்த நடை பொருந்துகிறது. அதே பாட்டில் புறநானூறு 112இன் சொற்களும் வருகின்றன. பாரி மகளிர் பாடியது அது. சென்ற மாத நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்று இரண்டு பெண்கள் கலங்கிய கையறுநிலை. அந்த நிலவு இங்கே காதலர் கூடிய இரவின் நினைவாகிவிட்டது.

இதை ஓசைக்காக மட்டும் எடுத்த சுவடு என்று ஒதுக்கிவிடலாமா? ‘பாசம்’ பாட்டை அப்படித்தான் சொன்னேன். ஆனால் ‘இருவர்’ நட்பும் அதிகாரமும் கைமாறும் படம். அதிலே காதல் பேசும் வாயில் நாடிழந்தவர்களின் சொல் வந்து அமர்ந்திருக்கிறது. கபிலரின் நண்பர் பாரியை மூவேந்தர் சூழ்ந்து கொன்ற கதை தெரிந்தவர் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு நடுக்கத்தை உணராமல் இருக்க முடியாது. வைரமுத்து அதை எண்ணினாரா என்று கேட்டு அவர் வாழ்க்கையைத் துருவ வேண்டியதில்லை. படமும் பாட்டும் புறநானூறும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றையும் விரித்து வைத்து, அந்தச் சொல்லுக்கு இரண்டாம் பொருளைத் தாங்கும் வலு இருக்கிறதா என்று வாதாடலாம். இருக்கிறது என்பது என் கட்சி.